மாதிரித் தாரை விமானங்களின் உள்ளிழு சக்கரத் தொகுதி

உள்ளிழு சக்கரத் தொகுதி என்பது, விமானம் பறக்கும்போது சக்கரங்களை உடலுக்குள் அல்லது இறக்கைக்குள் மடக்கி வைக்கவும், தரையிறங்கும்போது அவற்றை மீண்டும் வெளியே நீட்டவும் பயன்படும் பொறியமைப்பு ஆகும். தொலைக்கட்டுப்பாட்டினால் இயங்கும் மாதிரித் தாரை விமானங்களில் (ஜெட் விமான மாதிரிகளில்) இது மிக முக்கியமான உறுப்புகளுள் ஒன்று. சக்கரங்கள் மடங்கியபின் அவை இருக்கும் குழியை மூடுவதற்குக் கதவுகள் அமைக்கப்படுகின்றன. சக்கரமும் கதவும் ஒன்றோடொன்று மோதாமல், உரிய வரிசையில், ஒவ்வொரு முறையும் தவறாமல் இயங்கும்படி அவற்றைப் பொருத்திச் சரிசெய்வது மாதிரி விமானக் கட்டுமானத்தில் தனித்திறன் தேவைப்படும் பணியாகக் கருதப்படுகிறது. மாதிரி விமான ஆர்வலர்கள் இத்தொகுதியைச் சுருக்கமாக 'ரிட்ராக்ட்' என்று அழைப்பர்.

== வரலாற்றுப் பின்னணி ==

தொடக்ககால விமானங்களின் சக்கரங்கள் நிலையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விமானங்களின் வேகம் கூடியபோது, சக்கரங்களும் அவற்றின் கால்களும் உண்டாக்கும் காற்றுத்தடை பெரும் இடையூறாயிற்று. 1920இல் பிரான்சில் நடைபெற்ற கோர்டன் பெனட் கோப்பைப் பந்தயத்துக்காக ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட டேட்டன்-ரைட் ஆர்பி-1 விமானத்தில், சக்கரங்களை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தது. 1930களில் போர் விமானங்களிலும் பயணிகள் விமானங்களிலும் இம்முறை பரவியது.

தாரை இயந்திரத்தின் வருகை சக்கரங்களின் அமைவிடத்தையும் மாற்றியது. செருமனியின் மெசர்ஸ்மிட் மீ 262 விமானம் 1942 சூலையில் முதன்முறையாகத் தாரை இயந்திரங்களின் ஆற்றலால் மட்டும் பறந்தபோது அதற்கு வால் சக்கரமே இருந்தது. சுழல்விசிறியின் காற்றோட்டம் வால்பகுதியில் படாததால், ஓடுபாதையில் வாலை உயர்த்துவதற்கு விமானி பிரேக்கைச் சற்றே அழுத்த வேண்டியிருந்தது. இக்குறை காரணமாகப் பின்னர் மூக்குச் சக்கரம் பொருத்தப்பட்டது. இன்றைய தாரை விமானங்களும் அவற்றின் மாதிரிகளும் ஏறத்தாழ முழுமையாக இந்த முச்சக்கர அமைப்பையே பின்பற்றுகின்றன.

மாதிரி விமானங்களில் தாரை உந்துகை பல கட்டங்களாக வளர்ந்தது. முதலில் உள்ளெரி இயந்திரத்தால் சுழலும் குழல்விசிறிகள் பயன்பட்டன. வளிமச்சுழலி (டர்பைன்) பொருத்திய மாதிரி 1983இல் இங்கிலாந்தில் பறக்கவிடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் பிரான்சின் ஜேபிஎக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களும், செருமானியரான குர்ட் ஷ்ரெக்லிங் வெளியிட்ட வடிவமைப்பும் சிறு சுழலிகளைப் பலரது கைக்கும் எட்டச் செய்தன. மாதிரிகளின் எடையும் வேகமும் கூடியதால் வலிமை மிகுந்த சக்கரத் தொகுதிகள் தேவைப்பட்டன. நீண்டகாலம் காற்றழுத்தத் தொகுதிகளே கோலோச்சின. 2010களில் மின் தொகுதிகள் பரவலாயின.

== தேவை ==

காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். எனவே மணிக்கு 60 கிமீ வேகத்தில் பறக்கும் பயிற்சி மாதிரியில் பொருட்படுத்தத் தேவையில்லாத சக்கரக்கால், மணிக்கு 250 கிமீ வேகத்தில் பறக்கும் தாரை மாதிரியில் பெருந்தடையாகிவிடும். நீட்டிய சக்கரங்கள் விமானத்தின் மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பும் விளைவையும் உண்டாக்கக்கூடும். இவை தவிர, உண்மையான விமானத்தைப் போன்ற தோற்றமும் ஒரு காரணமாகும்.

மறுபுறம், தரையிறங்கும்போது நீட்டிய சக்கரங்களின் காற்றுத்தடை நன்மை தருகிறது. தாரை மாதிரிகள் வழுவழுப்பான வடிவம் கொண்டவை ஆதலால் எளிதில் வேகம் குறைவதில்லை. சக்கரங்களையும் இறக்கை மடல்களையும் கீழிறக்குவதன் மூலமே அவை தரையிறங்கும் வேகத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன.

== உறுப்புகள் ==

ஒரு முழுமையான தொகுதியில் பின்வரும் உறுப்புகள் இடம்பெறும்.

* மடக்குப் பொறி: விமானத்தின் சட்டகத்தில் திருகப்படும் உலோகக் கூடு. இதனுள் சக்கரக்காலைத் தாங்கும் சுழலச்சு உள்ளது.
* சக்கரக்கால்: சுழலச்சில் பொருத்தப்படும் தண்டு. இதனுள் அதிர்வைத் தாங்கும் சுருள்வில் இருக்கும். சக்கரம் பின்னோக்கிய நெம்புகோலில் அமைந்த கால்கள் புல்தரைக்கு ஏற்றவை.
* சக்கரமும் பிரேக்கும்: வளிமச்சுழலி மிகக்குறைந்த வேகத்தில் சுழலும்போதும் ஓரளவு உந்துவிசையைத் தந்துகொண்டே இருக்கும். ஆகவே விமானத்தை நிறுத்திவைக்கப் பிரேக் தேவைப்படுகிறது.
* திருப்பும் பொறி: மூக்குச் சக்கரத்தை இடமும் வலமும் திருப்பும் சர்வோ இயக்கி.
* கதவுகள், கீல்கள், கதவு இயக்கிகள்.
* வரிசைப்படுத்தி: கதவுகளும் சக்கரங்களும் இயங்கும் முறைவரிசையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி.

மடக்குப் பொறியின் உயிர்நாடி அதன் பூட்டு ஆகும். பல பொறிகளில் ஒரு குறுக்கு ஊசி வளைந்த பள்ளம் ஒன்றினுள் நகர்கிறது. பயணத்தின் இரு முனைகளிலும் பள்ளம் திசைமாறுவதால், சக்கரத்தின் பக்கமிருந்து வரும் விசை ஊசியைப் பின்னுக்குத் தள்ள இயலாது. தரையிறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவது காற்றழுத்தமோ மின்னோடியோ அன்று, இந்தப் பூட்டே ஆகும். ஆகவே கால் முழுவதுமாக நீண்டு பூட்டிக்கொள்ளாத நிலையில் விமானம் தரையைத் தொட்டால், அது பார்வைக்கு நேராகத் தோன்றினாலும் மடிந்துவிடும்.

== இயக்கும் முறைகள் ==

=== காற்றழுத்த முறை ===

இம்முறையில் விமானத்தினுள் உள்ள சிறு கலத்தில் காற்று அடைக்கப்படுகிறது. வழக்கமான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 பார். சர்வோ அல்லது மின்காந்தத்தால் இயங்கும் வால்வு, இக்காற்றை உருளையின் ஒரு பக்கத்துக்கு அனுப்பி மறுபக்கக் காற்றை வெளியேற்றுகிறது. உருளையில் உள்ள ஆடுதண்டு நகர்ந்து காலை மடக்குகிறது.

விமானம் பறக்கும்போது கலத்தை மீண்டும் நிரப்ப இயலாது. ஆகவே எத்தனை முறை மடக்கி நீட்ட முடியும் என்பது கலத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 12 மிமீ உள்விட்டமும் 30 மிமீ நகர்வும் கொண்ட உருளையின் கனவளவு ஏறத்தாழ 3.4 கன செமீ ஆகும். மூன்று உருளைகளுக்கு ஏறத்தாழ 10 கன செமீ. கலத்தின் கொள்ளளவு 100 கன செமீ எனவும், அதன் தொடக்க அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 8 பார் எனவும் கொண்டால், பாயில் விதிப்படி ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் அழுத்தம் 110இல் 100 பங்காகக் குறையும்:

* முதல் முறை மடக்கியபின்: 7.3 பார்
* முதல் முறை நீட்டியபின்: 6.6 பார்
* இரண்டாம் முறை மடக்கியபின்: 6.0 பார்
* இரண்டாம் முறை நீட்டியபின்: 5.5 பார்

இதிலிருந்து வளிமண்டலத்தின் 1 பாரைக் கழித்தால், அழுத்தமானி 4.5 பார் மட்டுமே காட்டும். குழாய்களின் கனவளவையும் கதவு உருளைகளையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். இதன் காரணமாகக் கதவுகளுக்கும் பிரேக்குக்கும் தனித்தனிக் கலங்கள் வைப்பது வழக்கம். ஒன்றில் கசிவு ஏற்பட்டாலும் மற்றவை இயங்கும்.

சில தொகுதிகளில் காற்று சக்கரத்தை மடக்க மட்டுமே பயன்படுகிறது. நீட்டும் வேலையைச் சுருள்வில் செய்கிறது. காற்று முழுவதும் கசிந்துவிட்டால் சக்கரங்கள் தாமாகவே கீழிறங்கும் என்பது இவ்வகையின் சிறப்பு. ஆனால் எடை மிகுந்த கால்களையும், காற்றோட்டத்தை எதிர்த்து முன்னோக்கி நீள வேண்டிய கால்களையும் முழுமையாகப் பூட்டும் அளவுக்கு வில் வலிமை உடையதாக இருக்க வேண்டும்.

=== மின் முறை ===

மின் தொகுதியில் சிறு மின்னோடி ஒரு மரைத்தண்டைச் சுழற்றுகிறது. தண்டின்மீது நகரும் மரையாணி, காலின் சுழலச்சைத் திருப்புகிறது. பயணத்தின் முடிவில் மின்னோடி தடைப்பட்டு மின்னோட்டம் உயர்வதைக் கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்து மின்னோடியை நிறுத்துகிறது. கசிவு, அழுத்தக் குறைவு போன்ற இடர்கள் இதில் இல்லை. மின்கலம் தாங்கும்வரை எத்தனை முறையும் இயக்கலாம்.

எனினும் மின்னோட்ட உயர்வையே முடிவின் அடையாளமாகக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. கால் நடுவழியில் ஏதேனும் கம்பியிலோ கதவின் விளிம்பிலோ உரசினாலும் மின்னோட்டம் உயரும். கருவி அதனைப் பயணத்தின் முடிவு எனக் கருதி அங்கேயே நின்றுவிடலாம். ஆகவே மின் தொகுதிகளில் உராய்வற்ற அசைவு மிகவும் இன்றியமையாதது. இத்தொகுதிகளுக்கு வானலை வாங்கியின் மின்கலத்தைப் பயன்படுத்தாமல் தனி மின்கலம் வைப்பது நல்லது. அவ்வாறு செய்தால், சிக்கிய மின்னோடி இழுக்கும் மிகைமின்னோட்டம் விமானத்தின் கட்டுப்பாட்டைப் பாதிக்காது.

== கதவுகள் ==

கதவுகள் மூன்று வகைப்படும்.

* காலோடு இணைந்த கதவு: சக்கரக்காலிலேயே பொருத்தப்பட்டு அதனுடன் நகரும். தனி இயக்கி தேவையில்லை.
* காலால் இழுக்கப்படும் கதவு: வில் அல்லது மீள்பட்டையால் திறந்த நிலையில் நிற்கும். கால் மேலேறும்போது கதவைத் தன்னோடு இழுத்து மூடும். இது சிறு மாதிரிகளுக்கு ஏற்றது.
* தனி இயக்கி கொண்ட கதவு: சர்வோவினாலோ காற்று உருளையினாலோ இயங்கும். பெரிய மாதிரிகளில் இதுவே பெரும்பான்மை.

உண்மையான விமானங்களிலும் கதவுகளின் செயல் ஒன்றுபோல் இருப்பதில்லை. போயிங் 737இன் முதன்மைச் சக்கரங்களை மூடக் கதவே இல்லை. மடங்கிய சக்கரத்தின் பக்கம் வெளியே தெரியும். ஏர்பஸ் ஏ320இல் உடலோடு இணைந்த பெரிய கதவுகள், சக்கரம் கீழிறங்கியபின் மீண்டும் மூடிக்கொள்கின்றன. எப்-16 போர் விமானத்தின் மூக்குச் சக்கரம் பின்னோக்கி மடங்குகையில் 90 பாகை திரும்பிக் காற்றுக் குழலின்கீழ்த் தட்டையாகப் படுக்கிறது. மாதிரியைக் கட்டுவோர் தாம் தேர்ந்த விமானத்தின் முறையை அறிந்தே கதவுகளை அமைக்கின்றனர்.

கதவின் மீது காற்று செலுத்தும் விசையைத் தோராயமாகக் கணக்கிடலாம். 20 செமீ நீளமும் 5 செமீ அகலமும் உள்ள கதவின் பரப்பு 100 சதுர செமீ. விநாடிக்கு 50 மீ (மணிக்கு 180 கிமீ) வேகத்தில் காற்றின் இயங்கு அழுத்தம் ஏறத்தாழ 1530 பாசுக்கல் ஆகும். காற்று கதவின் முகத்தில் நேராக மோதினால் விசை 15 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 1.5 கிகி எடைக்குச் சமம். அது கீலிலிருந்து 2.5 செமீ தொலைவில் செயற்படுவதாகக் கொண்டால் சர்வோ ஏறத்தாழ 4 கிகி-செமீ முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். விநாடிக்கு 70 மீ வேகத்தில் இது இரு மடங்காகிவிடும். காற்றோட்டத்துக்கு இணையாகத் திறக்கும் கதவில் விசை இதைவிடக் குறைவே. ஆயினும் விமானம் பக்கவாட்டில் நழுவும்போது அது திடீரென உயரும். வேகத்தைக் குறைத்தபின்னரே சக்கரங்களை இறக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவே காரணம்.

நீண்ட கதவுகள் முறுக்கிக்கொள்ளாதிருக்க உட்புறத்தில் கரியிழைப் பட்டைகள் ஒட்டப்படுகின்றன. கதவு உடலின் மேற்பரப்புக்குள் மூடிக்கொள்ள வேண்டியிருப்பதால் வளைந்த கழுத்துடைய கீல்கள் பயன்படுகின்றன. இவற்றின் சுழலச்சு கதவின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், திறக்கும்போது கதவு முதலில் வெளியே நகர்ந்து பின்னர் திரும்புகிறது.

== செயல் வரிசை ==

நீட்டும்போது கதவு முதலில் திறந்து, பின்னர் சக்கரம் இறங்க வேண்டும். மடக்கும்போது சக்கரம் முதலில் ஏறி, பின்னர் கதவு மூட வேண்டும். தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள ஒரே நிலைமாற்றியைத் தட்டியதும் இவ்வரிசை முழுவதும் தானாக நிகழும்படி வரிசைப்படுத்தி நிரல்படுத்தப்படுகிறது. தற்காலக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் இவ்வசதி உள்ளடங்கியே வருகிறது.

சர்வோ இயக்கிகளுக்கு அனுப்பப்படும் துடிப்பின் அகலம் பொதுவாக 1.0 முதல் 2.0 மில்லிவிநாடி வரை இருக்கும். நடுநிலை 1.5 மில்லிவிநாடி. வரிசைப்படுத்தி ஒவ்வொரு கதவுக்கும் திறந்த நிலை, மூடிய நிலை, வேகம், காத்திருப்பு நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்துகொள்கிறது.

இந்த வரிசை சக்கரத்தின் உண்மையான நிலையை அறிந்து செயற்படுவதில்லை, நேரத்தையே நம்பிச் செயற்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. சக்கரம் மடங்க வழக்கமாக 3 விநாடி ஆகுமெனில், கதவு 3 விநாடியில் மூடத் தொடங்குமாறு அமைப்பது தவறாகும். காற்றழுத்தம் குறைந்திருக்கும் வேளையில் கால் மெதுவாக நகரும். அப்போது கதவு கால்மீது மூடிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே மிகக்குறைந்த அழுத்தத்தில் அல்லது ஏறத்தாழ வடிந்த மின்கலத்தில் ஆகும் நேரத்தை அளந்து, அதற்கு மேலும் ஓரிரு விநாடிகள் சேர்க்கப்படுகின்றன.

கருவிக்கு மின்சாரம் கொடுத்ததும் சக்கரங்கள் எந்நிலையில் இருக்கும் என்பதையும் முன்னரே சோதிக்க வேண்டும். நிலைமாற்றி தவறான நிலையில் இருந்தால், தரையில் நிற்கும் விமானம் சக்கரங்களை மடக்கிக்கொண்டு விழக்கூடும். பல கருவிகளில் இதற்கான பாதுகாப்புப் பூட்டு உண்டு.

== பொருத்துதல் ==

=== அமைவிடம் ===

முதன்மைச் சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளி ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். 12 கிகி எடையுள்ள மாதிரியில் மூக்குச் சக்கரத்துக்கும் முதன்மைச் சக்கரங்களுக்கும் இடையே 80 செமீ இருப்பதாகவும், முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு 8 செமீ பின்னால் இருப்பதாகவும் கொள்ளலாம். மூக்குச் சக்கரம் தாங்கும் எடை 12 × 8 ÷ 80 = 1.2 கிகி. இது மொத்த எடையில் 10 விழுக்காடு. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 30 செமீ உயரத்தில் இருந்தால், தொடு புள்ளியிலிருந்து அதற்கு வரையும் கோடு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை சாய்ந்திருக்கும். இவை பொதுவாக ஏற்கப்படும் அளவுகளாகும்.

முதன்மைச் சக்கரங்கள் மிகவும் பின்னால் அமைந்தால் மூக்கை உயர்த்தி மேலெழுவது கடினமாகும். மிகவும் முன்னால் அமைந்தால் விமானம் வால்மீது சாய்ந்துவிடும். கால்கள் முன்பின்னாக மடங்கும்போது ஈர்ப்பு மையமும் நகர்கிறது. மேற்கண்ட மாதிரியில் 0.4 கிகி எடையுள்ள மூக்குக்காலின் எடைமையம் 20 செமீ பின்னோக்கி நகர்ந்தால், விமானத்தின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 7 மிமீ பின்வாங்கும். ஆகவே ஈர்ப்பு மையம் சக்கரங்களின் இரு நிலைகளிலும் அளக்கப்படுகிறது.

=== பணி ஒழுங்கு ===

# மடக்குப் பொறி பதியும் ஒட்டுப்பலகை சமதளமாக உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது. சமமற்ற தளத்தில் திருகினால் கூடு முறுக்கிக்கொண்டு அச்சு இறுகிவிடும்.
# கதவுகள் இல்லாமல், சக்கரங்கள் மட்டும் இயக்கிப் பார்க்கப்படுகின்றன. குழியின் சுவரிலோ கம்பிகளிலோ சக்கரம் உரசக்கூடாது.
# சக்கரங்களின் திசை சரிசெய்யப்படுகிறது. இரு முதன்மைச் சக்கரங்களும் இணையாகவோ, முன்பக்கம் மிகச் சிறிதளவு உள்நோக்கியோ இருக்க வேண்டும். தண்டில் திருகு பதியும் இடம் தட்டையாக அராவப்பட்டு, திருகுப்பூட்டுப் பசை இடப்படுகிறது.
# மூக்குச் சக்கரம் மடங்கும்போது நேராக நிற்கிறதா எனச் சோதிக்கப்படுகிறது. திரும்பிய நிலையில் மடங்கினால் குழியில் சிக்கும்.
# கதவுகள் பொருத்தப்பட்டு, சர்வோ முனைகள் சரிசெய்யப்படுகின்றன. மூடிய நிலையில் சர்வோ ஓயாமல் இரைந்தால் அது கதவை அளவுக்கு மீறி அழுத்துகிறது என்பது பொருள்.
# இறுதியில் கதவும் சக்கரமும் சேர்த்து வரிசைப்படுத்தப்படுகின்றன. முதல் இயக்கங்கள் மிக மெதுவான வேகத்தில் செய்யப்படுகின்றன.

== சோதனை ==

காற்றழுத்தத் தொகுதியை முழு அழுத்தத்துக்கு நிரப்பி, சில மணி நேரம் கழித்து அழுத்தமானியைப் பார்ப்பது எளிய சோதனையாகும். சக்கரம் நீண்ட நிலையிலும் மடங்கிய நிலையிலும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். ஏனெனில் உருளையின் எந்தப் பக்கத்தில் கசிவு உள்ளது என்பது அப்போதே தெரியும். இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழிகள் தோன்றும்.

அழுத்தக் குறைவு முழுவதும் கசிவு ஆகாது. வெப்பநிலை 30 பாகை செல்சியசிலிருந்து 20 பாகைக்கு இறங்கினால், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காட்டிய மானி ஏறத்தாழ 96 பவுண்டு காட்டும். குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகுவதால் கசிவும் கூடக்கூடும்.

பறக்கும்போது காற்றின் விசை கால்களை எதிர்க்கும். ஆகவே தரையில் சோதிக்கும்போது கையால் காலைச் சற்றே தடுத்துப் பார்ப்பதும், விமானத்தைத் தலைகீழாக வைத்து இயக்கிப் பார்ப்பதும் வழக்கம். தலைகீழ் நிலையில் கால்கள் தம் எடைக்கு எதிராக நீள வேண்டியிருப்பதால் பூட்டின் வலிமை வெளிப்படும்.

== பழுதுகளும் பாதுகாப்பும் ==

சுழலி மாதிரிகள் பெரும்பாலும் சில நிமிடங்கள் பறப்பதற்கு மட்டுமே எரிபொருள் கொள்பவை. சக்கரம் இறங்கவில்லை என்பது பறப்பின் இறுதியில் தெரியவந்தால் முடிவெடுக்க மிகக் குறைந்த நேரமே இருக்கும். ஆகவே எரிபொருள் எஞ்சியிருக்கும்போதே சக்கரங்களை இறக்கி, விமானத்தை ஓடுபாதைக்கு மேலாக ஒருமுறை தாழப் பறக்கவிட்டு, அருகில் நிற்கும் துணையாளர் மூன்று கால்களையும் பார்த்து உறுதிசெய்வது நல்ல வழக்கமாகும்.

ஒரு கால் மட்டும் இறங்காவிட்டால் சக்கரங்களை மீண்டும் மடக்கி நீட்டிப் பார்க்கலாம். காற்றழுத்த முறையில் இந்த முயற்சி ஒவ்வொன்றும் எஞ்சிய காற்றைக் குறைக்கும். முயற்சி பலிக்காவிட்டால், எல்லாச் சக்கரங்களையும் மடக்கிப் புல்தரையில் வயிற்றால் இறக்குவதே பெரும்பாலும் சேதம் குறைந்த வழி என அனுபவமுடையோர் கருதுகின்றனர். ஒரு காலில் மட்டும் இறங்கும் விமானம் பக்கவாட்டில் சுழன்று, ஓடுபாதையை விட்டு விலகி, மனிதர்கள் நிற்கும் இடத்தை நோக்கிச் செல்லக்கூடும். வயிற்றால் இறங்கும்போது சுழலி புல்லையும் மண்ணையும் உறிஞ்சிப் பழுதடையலாம். எரிபொருள் கலம் உடைந்தால் மண்ணெண்ணெய் தீப்பற்றும் இடரும் உண்டு. ஆகவே தரையைத் தொடுமுன் இயந்திரம் நிறுத்தப்படுகிறது. தீயணைப்பான் ஓடுபாதையருகே ஆயத்தமாக வைக்கப்படுகிறது. எவ்வளவு விலையுயர்ந்த மாதிரியாயினும், அதைக் காப்பதைவிட ஆட்களற்ற திசையில் இறக்குவதே முதன்மையானது.

பழுதுகளுள் பல எளிய காரணங்களால் ஏற்படுபவை: தளர்ந்த திருகு, குழாய் இணைப்பின் வெட்டுப்பட்ட முனை, பள்ளத்தில் சேர்ந்த புழுதி, வளைந்த தண்டு. கடினமாகத் தரையிறங்கிய ஒவ்வொரு முறையும் தண்டுகள் நேராக உள்ளனவா எனப் பார்ப்பதால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

== போட்டிகளில் ==

1995 முதல் நடைபெற்றுவரும் தாரை மாதிரிகளுக்கான உலகப் போட்டியில், மாதிரியின் தோற்றமும் பறக்கும் முறையும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. இத்தகைய போட்டிகளில் சக்கரக்காலின் வடிவம், கதவுகளின் உட்புற விவரங்கள், அவை திறந்து மூடும் ஒழுங்கு ஆகியன உண்மையான விமானத்தை ஒத்திருப்பது விரும்பப்படுகிறது. இதனால் மிகுந்த ஈடுபாடுடைய கட்டுநர்கள் உண்மையான விமானத்தின் ஒளிப்படங்களையும் பராமரிப்பு வரைபடங்களையும் ஆராய்ந்து, கால்களைத் தாமே கடைந்து உருவாக்குவதும் உண்டு.

== இவற்றையும் பார்க்க ==

* மாதிரி விமானம்
* தாரை இயந்திரம்
* சர்வோ இயக்கி
* பாயில் விதி
* ஈர்ப்பு மையம்